மழைநாட் படக்காட்சி

தைப்பிங் நகரை அறிந்தோர் அதனைப் பற்றி முதலிற் கூறுவது அதன் மழையைத்தான். மலாக்கா நீரிணையிலிருந்து வரும் ஈரக்காற்று பிந்தாங் மலைத்தொடரில் மோதி, மேலேறிக் குளிர்ந்து, ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 4,000 மில்லிமீட்டர் மழையாக அந்நகரின்மீது இறங்குகின்றது. இன்று மழை எத்தனை மணிக்குப் பெய்யும் என்று பந்தயங் கட்டிப் பணம் வைத்தாடும் வழக்கமும் அவ்வூரில் முன்பு இருந்ததுண்டு. இத்தகைய ஊரில் மலையேறப் புறப்படுவோர் பொறுமையையும் உடன் கொண்டு செல்லுதல் நன்று.

2015ஆம் ஆண்டு நோன்புப் பெருநாள் விடுமுறையில், கிரியான் மாவட்டத்துச் செம்பனைத் தோட்டமொன்றிற் கிராணி வேலை பார்க்கும் நாம், நண்பர் இருவருடன் புக்கிட் லாரூட் மலையேற அங்குச் சென்றோம். வெள்ளையர் காலத்தில் மேக்ஸ்வெல் குன்று என வழங்கிய அம்மலை அன்று கண்ணுக்கே புலப்படவில்லை. விடியுமுன் பிடித்த மழை ஒன்பது மணிக்கும் விட்டபாடில்லை. “முன்வைத்த காலைப் பின்வைப்பதா?” என்றார் ஒரு நண்பர். “வழுக்கி விழுந்தால் வைப்பதற்குக் காலே இராது, ஐயா!” என்றார் மற்றவர். எனவே மூவரும் பகற்காட்சிக்குச் சினிமாக் கொட்டகையை அடைந்தோம்.

அங்கு நடந்த படம் ‘பாபநாசம்’. 2013இல் மலையாளத்தில் வெளிவந்த ‘திருசியம்’ என்னும் படத்தை, அதனை இயக்கிய ஜீத்து ஜோசப் அவர்களே கமலஹாசனைக் கொண்டு தமிழில் ஆக்கியது. கதைத் தலைவன் சுயம்புலிங்கம், கேபிள் தொலைக்காட்சித் தொழில் செய்பவன். பள்ளிப் படிப்பு மிகுதியும் இல்லாதவன். உலகத்தைப் பற்றி அறிந்தவற்றையெல்லாம் சினிமாவிலிருந்தே அறிந்தவன். அவன் மூத்த மகளைக் களவாகப் படம் பிடித்து மிரட்டிய இளைஞன் ஒருவன் அவர்கள் வீட்டில் இறந்துபடுகின்றான். இறந்தவனோ போலீஸ் உயரதிகாரியின் மகன். குடும்பத்தைக் காக்கச் சுயம்புலிங்கம் செய்யும் சூழ்ச்சியே கதை.

அச்சூழ்ச்சியின் நுட்பம் யாதெனில், அவன் வெளியார் எவருக்கும் பொய் சொல்லக் கற்றுக்கொடுக்கவில்லை. குடும்பத்துடன் வெளியூர் செல்கின்றான், பஸ் ஏறுகின்றான், விடுதியில் தங்குகின்றான், படம் பார்க்கின்றான். பின்னர் அங்குக் கண்டவர்களை மீண்டும் சந்தித்து, முதற் சந்திப்பு இன்ன தேதியில் நிகழ்ந்தது என்று பேச்சோடு பேச்சாக ஒரு சொல்லை விட்டுவிடுகின்றான். விசாரணை வந்தபோது அவர்களெல்லாம் அத்தேதியையே கூறுகின்றனர். கண்டது உண்மை, தேதி மட்டும் பொய். அப்பொய்யையும் அவர்கள் மெய்யென்றே நம்பிக் கூறுகின்றனர்.

விசாரணையில் சிறு பெண்ணையும் அடிக்கத் துணிந்த போலீஸ்காரனைக் கண்டு கொட்டகை முழுவதும் சினந்தது. சுயம்புலிங்கத்தின் பொய் நிலைத்தபோதோ கைதட்டல் வானைப் பிளந்தது. நாமும் தட்டினோம். ஆயினும், மகனை இழந்த தாய் ஒருத்தியும் அக்கதையில் இருக்கின்றாள் அன்றோ? மகன் தீயவனாயினும் தாயின் துயரம் பொய்யாகிவிடுமோ? அதனை அறிந்திருந்தும் ஜனங்கள் ஏன் பொய்யின் பக்கம் நின்றனர்?

இதற்கு விடை எமது தொழிலிலேயே கிடைக்கின்றது. ஒருவன் ஒரு நாள் எங்கிருந்தான் என்பதை எழுதி வைப்பதே கிராணியின் வேலை. பெரட்டில் பெயர் கூப்பிட்டுச் செக்ரோலிற் பதிந்துவிட்டால் அவன் வந்தவன். பதியாவிடில், வியர்வை சிந்தியிருந்தாலும் வராதவன். மழை நாளில் இது இன்னும் தெளிவாக விளங்கும். ரப்பர் மரத்தின் பட்டை நனைந்தால், பால் வெட்டிய கோட்டில் ஓடாமல் பட்டையெங்கும் வழிந்துவிடும். மங்கில் மழைநீர் நிறையும். ஆகவே வெட்டு இல்லை. நமக்கு ஒரு மலையேற்றத்தைக் கெடுக்கும் மழை, பால்வெட்டுக்காரருக்கு அடுப்பையே அணைத்தது. அன்று மழை எத்தனை மணிக்கு விட்டது, வேலை முழு நாளா அரை நாளா என்பதை மழை வந்து எழுதுவதில்லை. பேனா பிடித்தவனே எழுதுகின்றான். மாதக் கடைசியில், “அன்று வேலை செய்தேன், ஐயா” என்று கைகட்டி நிற்பவனிடம் சாட்சி யாது? ஏடு ஒன்று சொல்லும். அவன் ஒன்று சொல்வான். வெல்வது ஏடே.

தலைமுறை தலைமுறையாக ஏட்டின்முன் தோற்றுவந்த மக்கள், ஏட்டையும் அதிகாரத்தையும் எளியவன் ஒருவன் ஏமாற்றுவதைத் திரையிற் கண்டு மகிழ்வதில் வியப்பில்லை. அவர்கள் கைதட்டியது பொய்க்கன்று. தங்களுக்கு ஒருநாளும் கிட்டாத வெற்றிக்கு. ஆனால் திரையில் வென்றவனின் சாமர்த்தியம் அவன் ஒருவனையே காக்கும். ஊரெல்லாம் சுயம்புலிங்கமாக இயலாது, ஆகவும் வேண்டியதில்லை. ஏடு நேர்மையாகவும், எழுதப்பட்டவனுக்குத் தெரிந்ததாகவும் இருந்தால் சூழ்ச்சிக்கு அங்கு வேலை ஏது?

தொழிலாளர் பற்றிய பதிவேடுகளை முதலாளி வைத்திருத்தல் வேண்டும் என்பது மலேசியாவின் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம். ஏடு இருத்தல் மட்டும் போதுமோ? அதிற் பதிந்ததை அன்றன்றே தொழிலாளிக்கு அவன் மொழியிற் படித்துக் காட்டுதல் வேண்டும். நம்மவரைப்போலவே கடல் கடந்து வந்து இன்று செம்பனைக் குலை வெட்டும் இந்தோனேசியருக்கும் வங்காளதேசத்தாருக்கும் இது பொருந்தும். பதிவு தவறென்றால் அங்கேயே சொல்ல அவனுக்குத் துணிவு வரவேண்டும். கேட்கும் காது கிராணிக்கு இருக்கவேண்டும். இதற்குச் செலவு காற்காசு இல்லை. காலையில் கால் மணி நேரம் போதும்.