ஒரு செட்டு மாத்திரை

அட்டையிலிருந்து மாத்திரையை வெட்டும் கத்தரிக்கோல் சத்தம் எங்கே கேட்டாலும் எனக்கு அம்மாவின் சேற்றுக் கால்கள்தான் கண்ணில் நிற்கும். மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊர். நடவு முடிந்து கரையேறியவள் நேராக மெடிக்கல் வாசலில் நிற்பாள். “அண்ணே, உடம்பெல்லாம் வலி, காய்ச்சலாவும் இருக்கு. ரெண்டு வேளைக்கு செட்டு குடுங்க.”

“சாப்பிட்டியாம்மா?” என்று கேட்டபடியே கடைக்காரர் வெட்டுவார். மஞ்சளில் ஒன்று, வெள்ளையில் ஒன்று, பொடிசாக ஒன்று. சின்னக் காகிதக் கவரில் போட்டு மடித்துத் தருவார். சில்லறை குறைந்தால், “நாளைக்குக் குடு.”

ஆரம்ப சுகாதார நிலையத்தில் எல்லாமே இலவசம். ஆனால் அங்கே டாக்டர் பார்ப்பதும் காலையில், நடவும் காலையில். வரிசையில் நின்றால் அன்றைய கூலி போச்சு. எங்களுக்குக் காய்ச்சல் என்றால் மட்டும் கூலியை விட்டுவிட்டு பஸ் ஏறுவாள். தனக்கென்று ஒருநாளும் ஏறியதில்லை. அவளைப் போன்றவர்களை அறியாதவர்கள் என்று சொல்பவர்கள்மேல் எனக்கு இன்றும் கோபம் வரும். பொழுது சாய்ந்த பிறகு அங்கே ஒரு டாக்டர் உட்கார்ந்திருந்தால் அவள் போயிருப்பாள்.

பின்னாளில் அம்மாவுக்கு ரத்தத்தில் கிரியாட்டினின் ஏறிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனபோது, “இத்தனை வருஷமா என்ன மாத்திரை சாப்பிட்டீங்க?” என்றார் டாக்டர். அம்மா என்னைப் பார்த்தாள். வெட்டிய துண்டுகளில் பெயரும் இருந்ததில்லை, தேதியும் இருந்ததில்லை. மஞ்சள், வெள்ளை, பொடிசு என்றாள். வலி மாத்திரையை வருஷக்கணக்கில் விழுங்கினால் சிறுநீரகம் கெடும் என்று அவர் பொறுமையாகச் சொன்னார். பொடிசு ஸ்டீராய்டாக இருக்கலாம் என்றார். ஒரே ராத்திரியில் உடம்பு தேறிவிடுமே, அதனால்தானோ கடைக்காரருக்குக் கைராசி என்று ஊரே சொன்னது?

2014 மார்ச் முதல், அரசின் ஹெச்1 பட்டியலில் உள்ள வீரியமான ஆன்டிபயாட்டிக்குகளைக் கடைக்காரர் கொடுத்தால் நோயாளி பெயர், டாக்டர் பெயர் எல்லாம் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். செட்டு மாத்திரைக்கு எந்த நோட்டு?

2021இல் தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் வந்தது. இப்போது அம்மாவின் பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. கொண்டுவரும் பெண் திண்ணையில் உட்கார்ந்து, “சாப்பிட்டீங்களாம்மா?” என்கிறாள். அம்மாவின் முகம் மலர்ந்துவிடுகிறது.

அவள் போனதும் அம்மா கத்தரிக்கோலை எடுத்தாள், ஒவ்வொரு நாளுக்கும் ஒன்றாக வெட்டி வைக்க.

“பேர் இருக்கிற பக்கத்தை விட்டுட்டு வெட்டும்மா” என்றேன்.