பித்தம் என்று நினைத்தேன்

என் மாமியாருக்கு 14 வருஷமாகச் சர்க்கரை வியாதி. சில மாதங்களாகவே காலையில் எழுந்ததும், "தலையைச் சுத்துதும்மா" என்று கட்டிலைப் பிடித்துக் கொள்வார். பித்தம்தான், வேறென்ன என்று இஞ்சிச் சாறு கொடுத்து நானே வைத்தியம் பார்த்தேன். ஒரு நாள் எழுந்தவர் அப்படியே சாய்ந்து விட்டார். நல்ல வேளை, சுவர் தாங்கியது!

டாக்டரம்மா மறுநாள் காலை காபி குடிக்காமல் வரச் சொன்னார். அத்தைக்கு அதுவே பெரிய தண்டனை! படுக்க வைத்து ரத்த அழுத்தம் பார்த்தார். மேல் அளவு 150. எழுந்து நிற்க வைத்து, மூன்று நிமிஷத்துக்குள் மறுபடி பார்த்தால் 118. இருபது குறைந்தாலே கவனிக்க வேண்டுமாம். அப்புறம் இ.சி.ஜி. மாட்டி, "பாட்டி, நிமிஷத்துக்கு ஆறே தடவை, நிதானமா மூச்சை இழுத்து விடுங்க" என்றார். மூச்சை இழுக்கும்போது துடிப்பு கூட வேண்டும், விடும்போது குறைய வேண்டும். அந்த வித்தியாசம் 15க்கு மேல் இருந்தால் நல்லது. 10க்குக் கீழே போனால் சந்தேகம். அத்தைக்கு வெறும் நாலு! ஊசி இல்லை, வலி இல்லை, சோதனை இவ்வளவுதான்.

"சர்க்கரை பாதத்து நரம்பை மட்டுமா மரக்க வைக்கும்? இதயத்துக்குப் போற நரம்பையும் கெடுக்கும். மாரடைப்பு வந்தாக்கூட வலி தெரியாம போயிடலாம்" என்றார் டாக்டரம்மா. இ.சி.ஜி. தாளைத் திருப்பிக் காட்டி, "முன்னாடியே ஒண்ணு வந்திருக்கே, தெரியாதா?" என்று கேட்டார்.

எனக்குச் சுரீர் என்றது. போன வருஷம் ஒரு ராத்திரி அத்தைக்கு வியர்த்துக் கொட்டியது, மூச்சு வாங்கியது. "நெஞ்சு வலிக்குதா அத்தை?" என்று கேட்டேன். "இல்லைம்மா, என்னமோ பண்ணுது" என்றார். வாயு என்று ஓமத் தண்ணீர் கொடுத்துப் படுக்க வைத்தவள் நான்தானே!

பெரியவர்களுக்கு வரும் சர்க்கரையானால், கண்டுபிடித்த நாளிலிருந்தே வருஷா வருஷம் இந்த நரம்புக் கோளாறு இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். சிறு வயதிலேயே இன்சுலின் போடும் வகையானால், ஐந்து வருஷம் ஆனதும் தொடங்க வேண்டும். எங்களிடம் யாரும் சொல்லவில்லை; நாங்களும் கேட்கவில்லை.

இப்போது அழுத்த மாத்திரையை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். காலையில் எழுந்ததும் கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கப் போட்டு நூறு எண்ணிய பிறகுதான் அத்தை எழ வேண்டும். எண்பதிலேயே எழப் பார்ப்பார். நான் விடுவதில்லை.