73

எழுபதுகளில் மயிலாப்பூரில் எங்கள் பக்கத்து வீட்டு மாமா ஒரு ஹாம். மத்திய அரசின் தேர்வெழுதி, மோர்ஸ் அடித்துக் காட்டி, 'வியூ2' என்று தொடங்கும் அழைப்புக்குறி வாங்கியவர். மூர் மார்க்கெட்டில் பழைய வால்வுகளைப் பொறுக்கி வந்து அவரே செட் கட்டினார். மொட்டை மாடியில் தென்னைக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவே 66 அடிக் கம்பி. 7 மெகாஹெர்ட்ஸில் இரவெல்லாம் பேச்சு. "ஒரு கார்டு போட்டால் போச்சு, இதெல்லாம் எதுக்கு மாமா?" என்று கேலி செய்வேன். சிரித்துக்கொள்வார்.

2004 டிசம்பர் 26, சுனாமி. என் தங்கை குடும்பம் போர்ட் பிளேயரில். போன் எதுவும் போகவில்லை. எண்பது தாண்டிய மாமாவிடம் போய் நின்றேன். அந்தமானிலிருந்து உலக ஹாம்களோடு பேசவென்றே பாரதி பிரசாத் என்ற பெண்மணி அப்போது போர்ட் பிளேயர் போயிருந்தார். அவருடைய ரேடியோ எத்தனையோ குடும்பங்களுக்குச் சேதி சேர்த்தது. மூன்றாம் நாள் மாமா கூப்பிட்டார்: "எல்லாரும் சௌக்கியமாம்டா."

அழுதுவிட்டேன். மாமா தோளைத் தட்டி, "73" என்றார். ஹாம்கள் பேச்சை முடிக்கையில் சொல்லும் வாழ்த்து அது.

அந்தக் கேலிக்கு மட்டும் அவரிடம் மன்னிப்புக் கேட்கவேயில்லை. இப்போது அவர் இல்லை.