முள் ஏறியது, கார் ஏறவில்லை

என் கட்சிக்காரர் களுதாவளைக்காரர். வெற்றிலைத் தோட்டத்தில் சேர்த்த காசைப் போட்டு, ஜப்பானில் பாவித்த ஒட்டோ கார் ஒன்றை மட்டக்களப்பில் ஒரு விற்பனை நிலையத்தில் வாங்கியிருந்தார். ஹயர் ஓடத்தான். கல்முனை வீதியில் குறையே தெரியவில்லை. பதுளைக்குப் போன முதல் ஹயரில், லுணுகலை ஏற்றத்தில் இஞ்சின் இரைந்து ஆர்.பீ.எம். முள் ஏறியது, வண்டி தளர்ந்தது. "முள் ஏறுது சேர், கார் ஏறுதில்ல" என்றார். கியர்பொக்ஸின் நோயை இவ்வளவு துல்லியமாக வேறு யாரும் எனக்குச் சொன்னதில்லை.

அது சீ.வீ.ரீ. வகை. இரண்டு கூம்புக் கப்பிகளைச் சுற்றி உருக்குப் பட்டி ஓடும். கப்பிகள் விரிந்து ஒடுங்குவதுதான் அங்கே கியர் மாற்றம். பட்டி வழுக்கக் கூடாது, உலோகம் உலோகத்தைத் தின்னவும் கூடாது. இரண்டையும் பார்த்துக்கொள்வது அதற்கென்றே உள்ள ஒயில். சாதாரண ஒட்டோ கியரின் ஏ.ரீ.எஃப். கிளச் தட்டுகளுக்காகச் செய்யப்பட்டது. அதை இதில் ஊற்றினால் பட்டி வழுக்கும், சூடேறும், கப்பியின் முகம் கீறுப்படும்.

விற்பனை நிலையத்தின் மீது வழக்குப் போட்டோம். எதிர்த்தரப்பு 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டது. வாங்குபவர் பொருளைப் பரிசோதித்தால், அதில் தெரிந்திருக்கவேண்டிய குறைக்கு விற்றவர் பொறுப்பில்லை. "ஓட்டிப் பார்த்துத்தானே வாங்கினார்?" என்று கேட்டார்கள். எழுவான்கரையில் ஏற்றம் ஏது? வாவிக்கும் கடலுக்கும் நடுவே எவ்வளவு ஓட்டினாலும் இந்தக் குறை வெளிப்பட்டிருக்காது. மேலும், மலைப்பக்கம் ஹயர் போகத்தான் கார் என்று அவர் சொல்லியே வாங்கினார். நோக்கத்தைச் சொல்லி, வியாபாரியின் அறிவை நம்பி வாங்கியவரையும் அதே சட்டம் காக்கிறது.

வழக்கைத் திருப்பியது ஒரு பில். நன்றாகப் பராமரித்த வாகனம் என்று காட்ட அவர்களே கொடுத்த கோப்பில் அது கிடந்தது: கியர்பொக்ஸுக்கு ஊற்றியது ஏ.ரீ.எஃப். குறுக்கு விசாரணையில் அதைக் காட்டியதும் சமரசத்துக்கு வந்தார்கள். சரியான ஒயிலை மாற்றித் தருவதாக முதலில் சொன்னார்கள். கீறுப்பட்ட கப்பியை ஒயில் ஆற்றாது என்று கல்முனை மெக்கானிக் சாட்சியம் சொல்லியிருந்ததால் மறுத்தோம். வேறு கியர்பொக்ஸும் பூட்டுகூலியும் கிடைத்தன. கார் படுத்திருந்த மாதங்களின் ஹயர் வருமானத்துக்கு ஒரு சதமும் தரவில்லை. வழக்கை இன்னும் இழுக்க அவரிடம் காசில்லை, கையெழுத்திட்டார். அந்த இழப்பு நியாயமில்லை என்றே இன்றும் சொல்வேன்.