அத்தானும் ஒரு ஸ்பிரிங்கும்

நான் பைல் கட்டிய குமாஸ்தா. ஸ்டேப்ளர் ஸ்பிரிங்கைத் தவிர வேறு ஸ்பிரிங்கைத் தொட்டதில்லை. இன்று கைத்துப்பாக்கி ஸ்பிரிங்கைப் பற்றி எழுதுகிறேன் என்றால் காரணம் அத்தான்தான்.

அத்தான் பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தா. ஆயுதம் பழுது பார்க்கும் பட்டறையில் பல வருஷம் இருந்தவர். அக்காள் போனபின் வீட்டில் பேச்சே குறைந்துவிட்டது. பிரான்சில் இருக்கும் மகனோடு ஞாயிற்றுக்கிழமை இரண்டு நிமிஷம்: "சாப்பிட்டியா, குளிரா?" அவ்வளவுதான்.

போன ஞாயிறு நான் அங்கே இருந்தேன். மகன் துப்பாக்கி சுடும் கிளப்பில் உறுப்பினர். அவனிடம் இருப்பது பிரவுனிங் வடிவமைத்து, 1911-இல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட மாதிரி. அதன் 16 பவுண்டு ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு 18½ பவுண்டு போட்டால் உதை குறையுமாமே என்று கேட்டான்.

"இதுவரை எத்தனை தடவை சிக்கிக்கொண்டது?"

"ஒரு தடவைகூட இல்லை அப்பா."

"எந்தத் தோட்டா?"

"கிளப்பில் பழகுகிற, மருந்து குறைந்தது."

அத்தான் நிமிர்ந்து உட்கார்ந்தார். பள்ளியில் படித்த பிரெஞ்சால் 'ரெசோர்' என்றால் ஸ்பிரிங் என்று எனக்குத் தெரியும். மற்றதெல்லாம் அன்றுதான் புரிந்தது. சுட்டதும் மேல்பாகம் பின்னால் ஓடி, காலித் தோட்டாவை வெளியே தள்ளும். ஸ்பிரிங் அதை முன்னே தள்ளும்போது அடுத்த தோட்டா உள்ளே போகும். மருந்து குறைவு, ஸ்பிரிங் கடினம் என்றால் மேல்பாகம் முழுதும் பின்னால் போகாது. காலித் தோட்டா நடுவில் மாட்டும். திரும்பும்போதும் கூடுதல் வேகத்தில் வந்து மோதும். முனை தாழ்ந்து குறியும் கலையும். ஸ்பிரிங் மிகவும் இளகலாக இருந்தாலும் ஆபத்து: பின்னால் போய்ச் சட்டத்தை அடிக்கும், சில சமயம் சரியாக மூடாது.

"அப்போது தொடவே கூடாதா?"

"யார் சொன்னது? ஸ்பிரிங் தேயும், நீளம் குறையும். அதே 16 பவுண்டில் புதிது போடு. அது பராமரிப்பு. ஓடுகிறதைத் திருத்தப் போவது வேறு."

மணி பார்த்தேன். நாற்பது நிமிஷம் பேசியிருந்தார்கள். கடைசியில் மகன், "அம்மா இருந்தால் இவ்வளவு பேச விட்டிருக்க மாட்டாங்க" என்றான். அத்தான் பதில் சொல்லாமல் போனைக் காதிலேயே வைத்திருந்தார்.

இந்த ஞாயிறு காலை பத்து மணிக்கே போனை மேஜைமேல் எடுத்து வைத்துவிட்டார். அவன் கூப்பிடுவது மாலையில்தான்.