தாமரைக் குளத்துக்குக் கீழே

“கேமராவை மல்லாக்கப் படுக்க வெச்சா ரிமோட் பேச்சைக் கேக்காது சார்” என்று புதுக்கோட்டையிலிருந்து வண்டியில் வரும்போதே புகைப்படக்காரர் சொன்னார். இருபது வருடம் கல்யாண வீடுகளில் நின்றவர். மணவறைக்கு மேலே மூங்கிலில் கேமராவைக் கட்டி, தாலி கட்டும் நேரத்தை உச்சியிலிருந்து எடுத்தவர். சித்தன்னவாசல் விதான ஓவியத்தைத் துண்டு துண்டாகப் படமெடுத்து ஒன்றாக இணைக்க வேண்டும் என்றபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அவர்தான்.

அந்த ஓவியம் இருக்கும் அறிவர் கோயில் மேற்குப் பார்த்த சமணக் குடைவரை. மதியத்துக்கு மேல் வெளிச்சம் உள்ளே சாயும். விதானத்தில் ஒரு பக்கம் வெளுத்து மறுபக்கம் மங்கிவிடும். அதனால் காலையிலேயே தொடங்கினோம். காவலர் அனுமதிக் கடிதத்தை இரண்டு முறை படித்தார். ஃபிளாஷ் போடக்கூடாது, சுவரில் சாயக்கூடாது, தூணைத் தொடக்கூடாது என்று விரல்விட்டுச் சொன்னார். எங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் அந்தத் தூண்களில் ஆடும் பெண்களின் உருவங்கள் எவ்வளவு மிஞ்சியிருக்கின்றன என்று பார்த்தபிறகு, இன்னும் இரண்டு முறை சொன்னாலும் தகும் என்றே பட்டது.

அர்த்தமண்டபம் நீளவாக்கில் ஏறக்குறைய இருபத்திரண்டு அடி, அகலம் ஏழரை அடி, உயரம் எட்டடிச் சொச்சம். வடசுவரில் ஆச்சாரியர், தென்சுவரில் பார்சுவநாதர். அண்ணாந்தால் தாமரைக் குளம்: இலைகளுக்கு இடையே மீன், அன்னம், எருமை, யானை, பூப்பறிக்கும் மூன்று ஆட்கள். அதில் ஒருவன் தாமரைக் கட்டைத் தோளில் போட்டுக்கொண்டு தனியே நிற்கிறான்.

ஒட்டுப் பலகையில் செய்த தட்டு, அதற்குள் உளுந்து அடைத்த துணிப்பை, அதன்மேல் வானம் பார்த்த கேமரா. 50 மி.மீ. லென்ஸ். அந்த உயரத்துக்கு ஒரு படத்தில் சுமார் ஆறடிக்கு நாலடிதான் அடங்கும். பக்கத்துப் படத்தோடு மூன்றில் ஒரு பங்கு ஒன்றின்மேல் ஒன்று விழவேண்டும், இல்லாவிட்டால் இணைக்க முடியாது. கணக்குப் போட்டால் தட்டை 18 இடங்களில் வைக்க வேண்டியிருந்தது.

பொத்தானைக் கையால் அழுத்தினால் உளுந்து நகரும். டைமர் வைத்தால், குனிந்து அழுத்திவிட்டு, இரண்டு பக்கமும் நிற்கும் விளக்குகளின் முன்னால் நிழல் விழாமல் ஊர்ந்து விலகுவதற்குள் நேரம் முடிந்துவிடும். ஆகவே ரிமோட்.

அவரிடம் முதலில் இருந்தது அகச்சிவப்பு ரிமோட், தீப்பெட்டியைவிடச் சிறியது. அழுத்தினார், அசைவில்லை. செல்போன் கேமராவின் முன்னால் ரிமோட்டைப் பிடித்து மறுபடி அழுத்தினார். கண்ணுக்குத் தெரியாத அந்த ஒளி, திரையில் வெளிர் ஊதாப் புள்ளியாக மின்னியது. ரிமோட் நன்றாகவே இருந்தது. கோளாறு கேமரா கிடந்த கிடையில். ஒளியை வாங்கும் சின்னக் கண், கேமராவின் முன்பக்கம் கைப்பிடிக்கு அருகில் இருக்கிறது. இப்போது அது விதானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. தரையோடு கிடப்பவரின் கையிலிருந்து போகும் ஒளி அதற்குள் எப்படி நுழையும்? கல்யாண மண்டபமாக இருந்தால் வெள்ளைச் சுவரில் பட்டுத் திரும்பி வந்திருக்கும். ஒரு தெர்மாகோல் அட்டையைச் சாய்த்துப் பிடித்து, அதில் பட்டு எதிரொளிக்கும்படி அழுத்திப் பார்த்தார். கிளிக் விழுந்தது. ஆனால் விளக்கொளியும் அதே அட்டையில் பட்டு மேலே போய், யானையின் முதுகை வெளுக்க வைத்தது. வேண்டாம் என்று எடுத்துவிட்டார்.

அடுத்தது ரேடியோ ட்ரிக்கர். இதற்கு நேர்ப்பார்வை தேவையில்லை. ஆனால் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை நீர் விழுங்கும். மனித உடம்பில் பெரும்பகுதி நீர். மைதானத்தில் நூறு மீட்டர் போகிற சமிக்ஞை, இங்கே ஒன்பது அடிக்கு விட்டுவிட்டு வந்தது. ரிசீவர் தரையோடு ஒட்டிக் கிடந்தது. நடுவில் அழுத்துகிறவரின் சொந்த மார்பு. அதைத் தாண்டினால் பாறைத் தூண்.

உதவியாளர் தம்பிக்குப் பத்தொன்பது வயது. யாரும் சொல்லாமலே கருவறைப் படியோரம் ஒருக்களித்துப் படுத்தான். இடது கையைத் தூணுக்கு அப்பால் நீட்டி, தூணில் படாமல் அந்தரத்தில் நிறுத்தினான். கிளிக். நான்கைந்து இடங்களில் சோதித்தோம், தவறவில்லை. உடம்பை மறைப்பிலிருந்து விலக்கி, கையை மட்டும் அனுப்புவதுதான் சூட்சுமம்.

சொல்லும்போது எளிதாகத்தான் இருக்கிறது. ஒரு படத்துக்கு இரண்டு அழுத்தல். முதல் அழுத்தலில் கேமராவுக்குள் கண்ணாடி மேலே எழும். அந்த அதிர்வு அடங்க மூன்று விநாடி பொறுத்து, இரண்டாவது அழுத்தலில் ஷட்டர் திறக்கும். திறந்தபின் இரண்டு விநாடி யாரும் அசையக்கூடாது. விளக்கின் அளவை மாற்றி ஒவ்வோர் இடத்திலும் மூன்று படங்கள். ஆக 54 படங்கள், 108 அழுத்தல்கள். எதற்கும் முழங்கையை ஊன்ற இடமில்லை. பத்தாவது இடத்தில் அவன் தோள் நடுங்க ஆரம்பித்தது. “மாத்திக்கலாமாடா?” என்றார் புகைப்படக்காரர். “வேணாண்ணே, கை எடம் பழகிருச்சு” என்றான். பன்னிரண்டாவது இடத்தில் ஒரு முறை கை சோர்ந்து இறங்கியது. அந்தப் படத்தை மறுபடி எடுத்தோம்.

இடைவேளையில் புகைப்படக்காரர் தன் அப்பாவின் ஸ்டுடியோவைப் பற்றிப் பேசினார். நீளமான ரப்பர் குழாய், நுனியில் குமிழ். குமிழை அமுக்கினால் காற்றுப் போய் ஷட்டரைத் தள்ளும். “அதுக்கு நடுவுல யார் நின்னா என்ன, தூண் நின்னா என்ன? காத்து வளைஞ்சு போயிடும்” என்றார். அந்தக் குழாய் விரிசல் விட்டும் தூக்கிப் போடாமல் வைத்திருக்கிறாராம்.

இந்தக் கோயிலைப் பாண்டியன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் காலத்தில் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் புதுப்பித்ததாகக் கல்வெட்டு சொல்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டு. சுண்ணச் சாந்தின் மேல் இந்தக் குளத்தைத் தீட்டியவரின் பெயர் அதில் இல்லை. எட்டடி உயரத்தில் அண்ணாந்து, கையைத் தூக்கியபடி ஒவ்வோர் இதழாக எழுதியவர் அவர். எங்கள் ஆவணப் படிவத்தில் லென்ஸ், துளையளவு, வண்ண அட்டை எல்லாவற்றுக்கும் கட்டம் உண்டு. ரிமோட்டை இயக்கியவருக்குக் கிடையாது. படிவத்தின் அடியில் ஒரு வரி சேர்த்துத் தம்பியின் பெயரை எழுதினேன். இது சலுகை இல்லை. அந்தப் படங்களின் கூர்மையில் பாதி அவன் தோள்பட்டையிலிருந்து வந்தது.

வெயில் படியேறுவதற்குள் முடித்துவிட்டோம். விளக்குகளைக் கழற்றும்போது தம்பி கேமராத் திரையைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“சார், நான் படுத்திருந்த எடத்துக்கு நேரா மேல மீன் இருந்திருக்கு. காலைலேருந்து இந்தப் பக்கமே தலையத் திருப்பிக் கெடந்தேன், பாக்கவேயில்ல.”

கேமராவை அண்ணனிடம் கொடுத்துவிட்டு மறுபடி உள்ளே போனான். இந்தமுறை நேராக மல்லாந்து படுத்தான். காவலர் சாவிக்கொத்தோடு வாசலில் நின்றார், அவனை எழுப்பவில்லை.