அங்கன்வாடி டீச்சருக்கு இன்னொரு கை

வாசலில் நின்று பார்க்கிறவர்களுக்கு அங்கன்வாடி டீச்சரின் வேலை விளையாட்டுப்போலத் தெரியும். உள்ளே போய் உட்கார்ந்தால்தான் அதன் நுணுக்கம் பிடிபடும். தமிழ்நாட்டு மையங்களில் நான் கவனித்தவரை, மூன்று வயதுக் குழந்தைகளைக் கையாளத் தெரிந்தவர்கள் சத்தம் போடுவதில்லை. இரைச்சல் கூடும்போது குரலைத் தாழ்த்துகிறார்கள். என்ன சொல்கிறார் என்று கேட்கும் ஆவலில் பிள்ளைகள் தாமாக அடங்குகிறார்கள். அழுதுகொண்டே வரும் பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து, முதுகில் ஒரு கையை வைத்தபடி பாட்டைத் தொடர்கிறார்கள். கொஞ்ச நேரத்தில், கைதட்ட வேண்டிய இடம் வந்ததும் அதுவும் சேர்ந்து தட்டுகிறது. யாருக்கு நேற்றுக் காய்ச்சல், யார் வீட்டில் சண்டை, எந்தப் பிள்ளை பக்கத்துப் பிள்ளையைக் கடிக்கும் என்ற கணக்கும் கூடவே ஓடிக்கொண்டிருக்கிறது. ‘ஆடிப்பாடி விளையாடு பாப்பா’ என்ற பாடத்திட்டம் என்ன பாட வேண்டும் என்று சொல்லலாம். எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்பது டீச்சரின் மனம் அங்கேயே இருந்தால் மட்டுமே தெரியும். சம்பளத்துக்காகத் தன் உணர்ச்சிகளை ஆண்டுகொள்ளும் உழைப்பைப் பற்றி 1983இல் புத்தகம் எழுதிய ஆர்லி ஹாக்ஷீல்டு, விமானப் பணிப்பெண்களை முக்கிய உதாரணமாக எடுத்துக்கொண்டார். விமானப் பயணி ஊர் வந்ததும் இறங்கிப் போய்விடுவார். அங்கன்வாடிப் பிள்ளை மறுநாள் காலையிலும் வந்து நிற்கும்.

இப்படி மனமே கருவியாக இருக்கும் தொழிலில் அந்த மனத்தின் நலத்தை எப்படிப் பேணுவது? வழக்கமாக வரும் பதில் யோகா வகுப்பு, மன அழுத்த மேலாண்மைப் பயிற்சி, ஆலோசனை எண். இவற்றை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் டீச்சர்களிடம் மனசு எப்படி இருக்கிறது என்று கேட்டால் பேச்சு உடனே சிக்னலுக்கும், சர்வருக்கும், கைக்காசு போட்டு வாங்கிய சிலிண்டருக்கும் போய்விடுகிறது. கேள்வியைத் தட்டிக்கழிக்கிறார்கள் என்று நினைக்கத் தோன்றும். கேட்டதற்கு நேரான பதிலைத்தான் அவர்கள் சொல்கிறார்கள். அவர்களுடைய நோவு வேலை அடுக்கப்பட்டிருக்கும் விதத்தில் இருக்கிறது. அதனால் மருந்தையும் அங்கேதான் போட வேண்டும் என்பது என் வாதம்.

ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2இல் தொடங்கியபோதே இணை உணவு, தடுப்பூசி, உடல்நலப் பரிசோதனை, மேல்சிகிச்சைக்குப் பரிந்துரை, தாய்மார்களுக்கான சத்துணவுக் கல்வி, முன்பருவக் கல்வி என்று ஆறு சேவைகளும் ஒரே பெண்ணின் தலையில் ஏறின. தமிழ்நாட்டின் சுமார் 54,000 மையங்களில் பெரும்பாலானவற்றில் இருப்பது ஒரு பணியாளரும் ஓர் உதவியாளரும். 2021 மார்ச்சில், பதிவுகளை ஏற்றுவதற்கான போஷன் டிராக்கர் செயலி வந்தது. 2025 ஜூலையிலிருந்து வீட்டுக்குக் கொடுக்கும் சத்துமாவுக்கு முகப்பதிவும் கட்டாயமானது. தாய்மாரை வரவழைத்து, போன் முன்னால் நிறுத்தி, கண்ணைச் சிமிட்டச் சொல்லி, வட்டம் சுற்றி முடியும்வரை காத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் பாட்டு பாதியில் நிற்கிறது. பக்கத்து ஊர் டீச்சர் ஓய்வு பெற்று இடம் காலியாக இருந்தால் அந்த மையத்தின் கூடுதல் பொறுப்பும் இவருக்கே. ஒரு வேலையில் இருக்கும்போதெல்லாம் இன்னொரு வேலையைச் செய்யவில்லையே என்ற குற்ற உணர்வு அரிக்கிறது. அசதி தூங்கி எழுந்தால் போய்விடும், இது போவதில்லை.

ஆள் போதாமைதான் சிக்கல் என்பதற்கு வலுவான சான்று நம் மாநிலத்திலேயே கிடைத்திருக்கிறது. அலெஹாந்த்ரோ கனிமியன், கார்த்திக் முரளிதரன், கிறிஸ்டோபர் வால்டர்ஸ் ஆகிய மூன்று ஆய்வாளர்கள் தமிழ்நாட்டின் 320 மையங்களை எடுத்துக்கொண்டு, குலுக்கலில் தேர்ந்த பாதி மையங்களுக்கு முன்பருவக் கல்விக்கென அரைநேரப் பணியாளர் ஒருவரைக் கூடுதலாகக் கொடுத்துப் பார்த்தார்கள். பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் நேரம் இரட்டிப்பானது. கணக்கிலும் மொழியிலும் தேர்ச்சி தெளிவாக உயர்ந்தது. கல்விக்குத்தான் ஆள் போட்டார்கள். ஆனால் வளர்ச்சி குன்றலும் கடும் சத்துக்குறைவும்கூடக் குறைந்தன. ஏற்கனவே இருந்த டீச்சருக்கு உடல்நலம், ஊட்டச்சத்து வேலைகளைக் கவனிக்க நேரம் கிடைத்ததுதான் இதற்குக் காரணமாக இருக்க வேண்டும். அந்த ஆய்வு டீச்சர்களின் மனநிலையை அளக்கப் புறப்பட்டதல்ல. மனநிலை பற்றி அதிலிருந்து நான் எடுப்பது ஊகம்தான். ஆனாலும் அக்கறை குறைந்ததால் வேலை கெடவில்லை, ஆள் போதாததால்தான் கெட்டது என்பது அதில் ஐயமின்றித் தெரிகிறது. அரசிடம் பணம் எங்கே என்ற கேள்விக்கும் அங்கேயே பதில் உண்டு: செலவைவிடப் பலன் பல மடங்கு என்று அவர்கள் கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

வெயிலில் நாற்று நடுகிற பெண்ணைவிட இவர்களுக்கு என்ன கஷ்டம் என்று ஊரில் கேட்பதுண்டு. நாற்று நடுவது கடினமான வேலைதான். ஆனால் நடும்போது சிரித்த முகத்தோடு இருக்க வேண்டும் என்று யாரும் நிபந்தனை போடுவதில்லை. செயலி இல்லாவிட்டால் முட்டையும் மாவும் களவு போகும் என்ற வாதத்துக்குக் கனம் அதிகம். திருட்டு நடந்த இடங்கள் உண்டு, பொதுப்பணத்துக்குக் கணக்கு வேண்டும். அந்தக் கணக்கைப் பாட்டு நேரத்தில்தான் எழுத வேண்டுமா, செயலியில் ஏற்றியதையே பதிவேட்டிலும் எழுத வேண்டுமா என்பதே என் கேள்வி. 14416 என்ற மனநல உதவி எண் மனம் உடைந்து நிற்கும் ஒருவருக்கு உயிர்காக்கும் உதவி, அதை ஒவ்வொரு மையச் சுவரிலும் ஒட்ட வேண்டும். ஆனால் அந்த எண்ணில் பேசுகிறவரால் கூடுதல் பொறுப்பை இறக்கி வைக்க முடியாது.

மரியாதையும் மனநலத்தில் சேர்ந்தது. அங்கன்வாடிப் பணியாளர்கள் வகிப்பது அரசுப் பதவி அல்ல என்று 2006இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இவர்களைப் போன்ற அரசுத் திட்டப் பணியாளர்களைத் தொழிலாளர்களாக ஏற்க வேண்டும் என்று 2013இல் 45ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு பரிந்துரைத்தது. 2022 ஏப்ரலில் அதே உச்ச நீதிமன்றம் இவர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று தீர்ப்பளித்தது. ஒன்றிய அரசோ இன்னும் ‘மதிப்பூதியம்’ என்ற பெயரில் 2018இல் நிர்ணயித்த 4,500 ரூபாயையே தன் கணக்கில் வைத்திருக்கிறது. தமிழ்நாடு சிறப்புக் காலமுறை ஊதியம் தருவது எவ்வளவோ மேல். இருந்தும் இங்கே ஆள் பற்றாக்குறை தீராததால் 2025இல் 7,783 இடங்களுக்கு அறிவிப்பு வெளியிட வேண்டியிருந்தது. காலியிடங்களை ஆண்டுதோறும் நிரப்புவது, இரட்டைப் பதிவை நிறுத்துவது, அரைநேரத் துணையைப் பிற மையங்களுக்கும் தருவது, இந்த வரிசையில் அரசு தொடங்கட்டும். பயிற்சி வகுப்புகள் அதற்குப் பிறகு வரட்டும்.